கம்பமும் களங்கமும்: மல்லர் கம்பம், கழைக்கூத்து, கம்ப நடனம் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நட்டு வைத்த கம்பத்தின்மீது உடலை ஏற்றிச் சுழற்றி நிலைநிறுத்தும் பயிற்சி மூன்று பெயர்களில் வழங்குகிறது. மல்லர் கம்பம் அரசின் ஏற்பு பெற்ற மரபு விளையாட்டாகவும், கழைக்கூத்து தெருவோர வித்தையாகவும், போல் டான்ஸ் எனப்படும் கம்ப நடனம் ஐயத்திற்குரிய கேளிக்கையாகவும் கருதப்படுகின்றன. இவற்றின் உடலியக்க அடிப்படை பெரிதும் ஒன்றாக இருக்க, சமூக மதிப்பு வேறுபடுவதன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. களங்கம் நீக்கும் முயற்சிகள் கலைக்கு மதிப்பை ஈட்டித் தந்து, அக்கலையை முன்பு காத்தவர்களைப் புறத்தே நிறுத்திவிடும் போக்கினையும் சதிர், பரதநாட்டிய வரலாற்றின் துணைகொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மல்லர் கம்பம், கழைக்கூத்து, கம்ப நடனம், களங்கம், உடற்பயிற்சி, சதிர், பெண்ணுடல்.

முன்னுரை

சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள் கடந்த சில பத்தாண்டுகளில் விரைந்து நகர்மயமாகியுள்ளன. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் முதலிய நகராட்சிகளை இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. அடையாற்றங்கரையில், விமான நிலையத்தை ஒட்டி அமைந்த பொழிச்சலூர் அப்போது ஊராட்சியாகவே தொடர்ந்தது. அகத்தீசுவரர் கோயிலால் அறியப்பெற்ற இவ்வூரும் அதன் சுற்றுப்புறமும் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பகுதிகளாகும். இத்தகைய புறநகர்களில் பரதநாட்டிய வகுப்பு, யோகாசன வகுப்பு, சிலம்பப் பயிற்சி, ஜிம், சும்பா நடன வகுப்பு ஆகியன அருகருகே இயங்குவது இயல்பான காட்சியாகிவிட்டது. ஒரு குடும்பம் தன் மகளை இவற்றுள் எதற்கு அனுப்பும், எதற்கு அனுப்பத் தயங்கும் என்பது பயிற்சியின் கடுமையையோ பயனையோ மட்டும் பொறுத்ததன்று. பயிற்சியின் பெயரும் அப்பெயர் எழுப்பும் நினைவுகளும் அம்முடிவில் பங்கு கொள்கின்றன.

மும்பை, தில்லி, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் உடற்பயிற்சியாகக் கற்பிக்கப்பட்டுவரும் கம்ப நடனம் இதற்குத் தக்க சான்றாகும். ‘மல்லர் கம்பம்’ என்றால் பாராட்டும் சமூகம் ‘போல் டான்ஸ்’ என்றால் முகம் சுளிக்கிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து தோன்றுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

கம்பமும் உடலும்

மூன்று வடிவங்களையும் ஒப்பிடுவதற்கு முதலில் அவற்றின் உடலியக்கத்தை நோக்க வேண்டும். மல்லர் கம்பம் தேக்கு அல்லது ஈட்டி மரத்தால் ஆனது. தரைக்கு மேல் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரம் கொண்டது. அடியில் பருத்து மேலே செல்லச் செல்லச் சிறுத்து, உச்சியில் குமிழோடு முடிவது. அந்தரத்தில் தொங்கும் கம்பத்திலும் பருத்திக் கயிற்றிலும் நிகழ்த்தப்பெறும் வகைகளும் உண்டு. போட்டிகளில் பயன்படும் கம்ப நடனக் கம்பம் உலோகத்தாலானது. அதன் விட்டம் 45 மில்லிமீட்டர், உயரம் 4 மீட்டர். ஒரு கம்பம் அசையாது நிற்கும், மற்றொன்று தன் அச்சில் சுழலும்.

இரண்டிலும் உடல் எடையைத் தாங்குவன கைப்பிடி, தோள்பட்டை, வயிற்றுத் தசைகள், தொடையின் உட்பகுதி ஆகியனவே. தலைகீழாகத் தொங்குதல், கம்பத்திற்குச் செங்குத்தாக உடலைக் கிடைமட்டத்தில் நீட்டி நிறுத்துதல், கைகளை விடுத்துத் தொடைப்பிடியால் மட்டும் நிற்றல் போன்ற நிலைகள் இரண்டிற்கும் பொதுவானவை. நிறுத்திய நிலையில் தசைகள் நீளம் மாறாது இறுகி உழைப்பதால் வலிமையும், நிலை மாறும்போது உடற்கட்டுப்பாடும் வளர்கின்றன. தோள், மணிக்கட்டு ஆகியவற்றில் நேரும் காயங்களும் தோலில் ஏற்படும் கன்றிய தழும்புகளும் இரு பயிற்சியாளர்க்கும் பழக்கமானவை.

ஆடையைக் குறித்த சர்ச்சைக்கும் இவ்வியக்கமே விடை தருகிறது. கம்பத்தில் உடலைப் பிடித்து நிறுத்துவது உராய்வு விசை. உலோகப் பரப்பில் துணி வழுக்கிவிடும், தோல் பற்றிக்கொள்ளும். ஆதலின் தொடையும் கையும் இடையும் மறைக்கப்படாதிருத்தல் பாதுகாப்புக்கு இன்றியமையாதது. பயிற்சிக்கு முன் உடலில் எண்ணெயோ களிம்போ பூசலாகாது என்பதும், கைப்பிடிக்காகச் சுண்ணப்பொடி தடவுவதும் இக்காரணம் பற்றியனவே. மல்லர் கம்பத்திலும் ஆண்கள் சிறு அரைக்கச்சை மட்டுமே அணிவர். மரத்தின் உராய்வு தோலைத் தீய்த்துவிடும் அளவுக்கு மிகுதியாதலால் அங்கு ஆமணக்கெண்ணெய் தடவப்பெறும். ஓரிடத்தில் உராய்வைக் கூட்டவும் மற்றோரிடத்தில் குறைக்கவும் முயல்கின்றனர். தோலே பிடிமானம் என்பது மட்டும் இரண்டிடத்தும் மாறவில்லை. ஆயினும் ஒன்றன் குறைந்த ஆடை வீரத்தின் அடையாளமாகவும் மற்றொன்றன் குறைந்த ஆடை வெட்கமின்மையாகவும் படிக்கப்படுகின்றது.

மல்லர் கம்பம் பெற்ற மதிப்பு

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் மல்லர்களின் பயிற்சிக்குரிய தூணைப் பற்றிக் குறிப்பிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவிடம் உடற்பயிற்சி ஆசானாக இருந்த பாலம்பட்ட தாதா தேவதர் இதற்குப் புத்துயிர் அளித்தார் என்பர். அனுமனின் அருளால் அவர் இதனைக் கற்றார் என்னும் ஐதிகமும் மராட்டிய மரபில் வழங்குகிறது. மன்னர், மல்லர், அனுமன் என்னும் மூன்று தொடர்புகளும் இப்பயிற்சிக்கு வீரமும் பிரமசரியமும் கலந்த ஒரு மதிப்பை வழங்கின.

நிறுவனங்கள் அம்மதிப்பை மேலும் உறுதிப்படுத்தின. அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது இந்திய உடற்பயிற்சி முறைகளைச் செய்து காட்டியது. 1981இல் இந்திய மல்லர் கம்பக் கூட்டமைப்பு உருவாகித் தேசியப் போட்டிகள் தொடங்கின. 2013இல் மத்தியப் பிரதேசம் இதனை மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019 பிப்ரவரியில் மும்பையில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2020இல் மைய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளிலும் இடம்பெற்றது.

தமிழகத்தில் விழுப்புரம் இப்பயிற்சியின் முதன்மை மையமாக விளங்குகிறது. எளிய குடும்பத்துச் சிறுவரும் சிறுமியரும் இங்குப் பயின்று தேசியப் போட்டிகளில் பங்கேற்கின்றனர். மாமல்லன் என்னும் விருதுப்பெயர் கொண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனோடு இக்கலையை இணைத்துத் தமிழ்மண்ணே இதன் பிறப்பிடம் எனக் கூறும் வழக்கமும் உண்டு. அக்கூற்று பெரிதும் பெயரொற்றுமையை நம்பி நிற்கிறது. அதன் வரலாற்று வலிமையைக் காட்டிலும் அது ஆற்றும் பணியே இங்குக் கருதத்தக்கது. ஒரு பயிற்சிக்கு அரச மரபு ஒன்றைச் சூட்டுவது அதனை ஐயத்திலிருந்து காக்கும் கவசமாகிறது.

இம்மதிப்பும் நெடுங்காலம் ஆணுடலையே மையமாகக் கொண்டிருந்தது. பெண்களின் பயிற்சி பெரிதும் கயிற்றைச் சார்ந்தே அமைந்தது. பெண்கள் கம்பத்தில் ஏறியபோதும் சீருடையும் நடுவர் முன்னிலையும் போட்டியரங்கும் அவர்களைச் சூழ்ந்திருந்தமையால் களங்கம் அணுகவில்லை.

கழைக்கூத்து: கம்பத்தின் மற்றொரு மரபு

கம்பத்தையும் கயிற்றையும் கொண்ட ஆடல் தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 7ஆம் பாடல் ஆரியர் கயிற்றின்மேல் ஆடுகையில் ஒலிக்கும் பறையை உவமையாக ஆள்கிறது. நற்றிணையின் 95ஆம் பாடலில் ஆடுமகள் நடந்த முறுக்கேறிய கயிற்றின்மீது குரங்கின் குட்டி ஏறி ஆடும் காட்சி இடம்பெறுகிறது. கயிற்றின்மேல் நடப்பவள் பெண் என்பதும், அவளைக் குறிக்கும் சொல்லில் இகழ்ச்சி ஏதும் இல்லை என்பதும் நோக்கத்தக்கன. கண்ணன் கோயில் உறியடி விழாக்களில் எண்ணெய் பூசிய வழுக்கு மரத்தில் இளைஞர் ஏறும் வழக்கமும் இன்றுவரை தொடர்கிறது.

ஆயின் மூங்கிற் கழையையும் கயிற்றையும் வாழ்வாதாரமாகக் கொண்ட குடிகள் பிற்காலத்தில் கடும் இழிவுக்கு உள்ளாயின. 1909இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் தொம்மரர்களைக் கழைக்கூத்தும் வித்தைகளும் செய்யும் நாடோடியராக விவரிக்கிறார். அவர்தம் உடல்திறனைப் பதிவுசெய்யும் அப்பக்கங்களிலேயே அச்சமூகப் பெண்களின் ஒழுக்கத்தைப் பழிக்கும் குறிப்புகளும் இடம்பெறுகின்றன. 1871இல் வட இந்தியாவில் தோன்றிய குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. தொம்மரர் இன்றும் தமிழகத்தின் சீர்மரபினர் பட்டியலில் காணப்படுகின்றனர். அலைந்து திரியும் வாழ்வும், பெண்ணுடல் பொதுவெளியில் காட்சிப்படுதலும், காசுக்காக நிகழ்த்துதலும் ஒருங்கே சேர்ந்தபோது திறன் என்பது குற்றத்தின் சாயலைப் பெற்றது.

சொல்வழக்கும் இதனை உறுதிசெய்கிறது. ‘கூத்தாடி’ என்னும் சொல் கூத்தினை ஆடுபவரைக் குறிக்கும் இயல்பான தொழிற்பெயரே. அது இன்று அரசியல் மேடைகளில் எதிராளியை இகழும் வசைச்சொல்லாகிவிட்டது. மல்லர் கம்பம் செய்பவர் ‘வீரர்’ எனவும், கழைமேல் நடப்பவர் ‘கழைக்கூத்தாடி’ எனவும் அழைக்கப்படுவதில் உடற்பயிற்சியின் வேறுபாடு எதுவுமில்லை. ஆடுபவரின் சாதியும் வருவாயும் நிற்குமிடமுமே இரு பெயர்களைத் தந்துள்ளன.

கம்ப நடனத்தின் வரலாறும் ஒட்டுக்களங்கமும்

இன்றைய கம்ப நடனம் வட அமெரிக்காவின் இரவு விடுதிகளில் ஆடை களையும் நடனத்தோடு இணைந்து வளர்ந்தது. 1990களில் கனடாவில் அதனை விடுதிக்கு வெளியே, பொதுமக்களுக்கான உடற்பயிற்சியாகக் கற்பிக்கும் முயற்சிகள் தோன்றின. 2009இல் பன்னாட்டுக் கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. 2012இல் அதன் முதல் உலகப் போட்டி இலண்டனில் நடந்தது. 2017இல் பன்னாட்டு விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொதுச் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி வழங்கியது. அப்போட்டி விதிகள் ஆடை களைதலைத் தடைசெய்கின்றன. குதிகால் உயர்ந்த காலணிகளையும் ஏற்பதில்லை. உறுப்புகளின் கோணமும் நிலையின் கால அளவும் கணக்கிடப்பட்டு மதிப்பெண் வழங்கப்படுகிறது.

இத்தனைக்குப் பின்னும் களங்கம் தொடர்வதைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மனின் கருத்தாக்கம் விளக்குகிறது. 1963இல் வெளியான தம் நூலில் அவர் களங்கத்தை ஒருவரின் உடலிலோ செயலிலோ உறையும் பண்பாகக் கருதாமல், சமூக உறவுகளில் உருவாகும் அடையாளமாகக் காண்கிறார். களங்கமுற்றோருடன் தொடர்புடையவர்க்கும் அக்களங்கம் பரவுகிறது என்றும் அவர் காட்டுகிறார். இதனை ஒட்டுக்களங்கம் எனலாம். உடற்பயிற்சிக்காகக் கம்பத்தில் ஏறும் ஒரு பெண் விடுதியைக் கண்டதுகூட இல்லாதிருக்கலாம். எனினும் கம்பம் என்னும் பொருளின் வழியே விடுதி ஆட்டக்காரியின் அடையாளம் அவள்மீதும் படிகிறது. இந்தியச் சூழலில் இவ்விணைப்பைப் பெரிதும் ஏற்படுத்தியது திரைப்படம். உலோகக் கம்பமும் வண்ண விளக்கும் மதுக்குவளையும் ஒரே சட்டகத்தில் காட்டப்பட்டு, கம்பம் என்றாலே தீயொழுக்கத்தின் குறியீடு என்னும் பழக்கம் பார்வையாளரிடம் பதிந்துவிட்டது.

இக்களங்கத்திலிருந்து விடுபடப் பயிற்சியாளர் சிலர் கையாண்ட வழி தனிக் கவனத்திற்குரியது. 2015ஆம் ஆண்டளவில், தாம் ஆடை களையும் ஆட்டக்காரர் அல்லர் எனப் பொருள்படும் குறிச்சொல்லோடு அவர்கள் சமூக ஊடகங்களில் தம் படங்களை வெளியிட்டனர். இந்நடனத்தின் நுட்பங்களை உருவாக்கியவர்கள் தாங்களே என்றிருக்க, தங்களை இழிவின் அளவுகோலாக வைத்து மற்றவர் மதிப்புத் தேடுவதா என விடுதி ஆட்டக்காரர்கள் எதிர்வினையாற்றினர். களங்கம் அங்கு அழியவில்லை. ஒருவர் தோளிலிருந்து இறங்கி மற்றொருவர் தோளில் முழுமையாக ஏறியது.

சட்டத்தின் பார்வை

ஆடலின் மதிப்பு அது நிகழும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இந்தியச் சட்ட வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு. 2005இல் மகாராட்டிர அரசு பம்பாய்க் காவல் சட்டத்தில் 33ஏ, 33பி என்னும் பிரிவுகளைச் சேர்த்து மதுக்கூடங்களில் நடனத்தைத் தடைசெய்தது. 33பி பிரிவு மூன்று நட்சத்திரத் தகுதியும் அதற்கு மேலும் பெற்ற விடுதிகளுக்கும், உறுப்பினர்க்கு மட்டுமான சங்கங்களுக்கும் விலக்கு அளித்தது. ஒரே நடனம் செல்வர் கூடும் இடத்தில் பண்பாடாகவும் எளியோர் கூடும் இடத்தில் ஒழுக்கக்கேடாகவும் கொள்ளப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2006இல் இத்தடையைச் செல்லாததாக்கியது. உச்ச நீதிமன்றம் 2013 சூலை 16 அன்று அத்தீர்ப்பை உறுதிசெய்தது. விடுதியின் தகுதியைக் கொண்டு ஒழுக்கத்தைப் பாகுபடுத்துவது சமத்துவத்திற்கு முரணானது என்பதும், தடையால் பெண்கள் வாழ்வாதாரம் இழந்தனர் என்பதும் அவ்வழக்கில் முதன்மை பெற்றன. அதன்பின் 2016இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தின் கடும் நிபந்தனைகள் பலவற்றையும் 2019 சனவரியில் அந்நீதிமன்றம் நீக்கியது.

தமிழகத்தில் திருவிழாக்களை ஒட்டிய ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கான அனுமதியும் அடிக்கடி நீதிமன்றப் படியேறுகிறது. ஆபாசம் கூடாது என்னும் நிபந்தனையுடன் அவை அனுமதிக்கப்பெறுகின்றன. அதே திரைப்பாடலுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் ஆடும் சிறுமிக்கு அத்தகைய நிபந்தனை தேவைப்படுவதில்லை.

சதிரிலிருந்து பரதநாட்டியம்: தூய்மைப்படுத்தலின் விலை

இழிவெனக் கருதப்பட்ட ஆடல் மதிப்புக்குரியதாக மாறிய வரலாறு சென்னைக்கு மிக அண்மையது. தேவதாசி மரபினர் காத்த சதிர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த எதிர்ப்பியக்கத்தால் பொதுவெளியில் மதிப்பிழந்தது. 1927இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மேலவையில் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவ்வழக்கம் சிறுமியர்மீது சுமத்திய கொடுமையை ஒழிப்பதே அவர் நோக்கம். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நிறைவேறியது.

அதே காலத்தில் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றோர் ஆடற்கலையைக் காக்க முனைந்தனர். 1931இல் சென்னை இசை அகாதெமியில் மரபுவழி ஆடல் மகளிரின் நிகழ்ச்சி நடைபெற்றது. 1930களின் தொடக்கத்தில் அவ்வமைப்பின் வழியே ‘பரதநாட்டியம்’ என்னும் பெயர் நிலைபெற்றது. ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையில் ஆடினார். 1936இல் கலாட்சேத்திரத்தை நிறுவினார். பெயர், மேடை, ஆடையமைப்பு, ஆடுவோரின் குடிப்பிறப்பு ஆகியவை மாறின. சிருங்காரம் குறைக்கப்பட்டுப் பக்தி முதன்மை பெற்றது. நடுத்தரக் குடும்பங்கள் தம் பெண்களைத் தயக்கமின்றி அனுப்பும் கலையாக அது மலர்ந்தது.

இம்மாற்றத்தின் பயனை இன்று பொழிச்சலூரின் ஒரு சிறு மாடி வகுப்பில் பயிலும் சிறுமியும் அனுபவிக்கிறாள். அதற்குக் கொடுக்கப்பட்ட விலையை வேறொரு சமூகம் ஏற்றது. மரபுவழி ஆடல் மகளிர் பலர் மேடையையும் வருவாயையும் இழந்தனர். பலர் தம் குடும்ப அடையாளத்தையே மறைக்க வேண்டியதாயிற்று. அம்மரபில் தோன்றிய தஞ்சாவூர் பாலசரசுவதி சிருங்காரத்தைக் களைய வேண்டிய அழுக்காகக் கருதாது, கலையின் உச்சநிலையாகப் போற்றி நின்றார். 1973இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அவர் பெற்ற ஏற்பு அரிய விதிவிலக்காகவே அமைந்தது. கலை தூய்மைப்பட்டது என்னும் கூற்றினுள், அதனை அதுவரை ஆடியவர் தூய்மையற்றவர் என்னும் தீர்ப்பும் மறைந்திருந்தது. கம்ப நடனத்தை விளையாட்டாக்கும் இன்றைய முயற்சியிலும் இதே தீர்ப்பு மீண்டும் எழுதப்படுகிறது.

உடற்கல்விப் புலத்தின் பொறுப்பு

உடற்பயிற்சிக்குச் சமூக மதிப்பை ஈட்டித் தந்ததில் சென்னைக்கு முன்னோடி இடமுண்டு. ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் இயங்குகிறது. வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. பெண்கள் விளையாட்டுடை அணிந்து திடலில் ஓடுவதையே ஏற்காத காலம் ஒன்று இருந்தது. கல்வி நிறுவனங்களின் தொடர்ந்த பணியால் அத்தயக்கம் பெருமளவு தளர்ந்தது.

எனினும் நிறுவன ஏற்பு மட்டும் போதுமானதன்று. மல்லர் கம்பத்தைப் பாடமாக்கும் உடற்கல்வித்துறை கழைக்கூத்தரின் சமநிலைத் திறனையும் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரிய அறிவாக ஏற்க வேண்டும். அக்கலைஞர் பார்வையிடப்படும் பொருளாக அன்றிக் கற்பிக்கும் ஆசானாக அழைக்கப்பட வேண்டும். கம்ப நடனத்தை ஆராயும்போதும் ‘இது நடனமன்று, விளையாட்டு’ என்று தற்காப்பு மொழி பேசுவதைக் காட்டிலும், அதன் விடுதி வரலாற்றை மறைக்காமல் எழுதுவதே நேர்மையான அணுகுமுறையாகும். சுரண்டலை எதிர்ப்பதும் சுரண்டப்பட்டவரை இகழ்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதைத் தேவதாசி ஒழிப்பு வரலாறு கற்பிக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மல்லர் கம்பம், கழைக்கூத்து, கம்ப நடனம் ஆகியவற்றின் சமூக மதிப்பினை அவற்றின் உடலியக்கம் தீர்மானிக்கவில்லை. ஆடுபவரின் பாலும் சாதியும், நிகழும் இடமும், காண்பவர் தரும் பணத்தின் தன்மையும் தீர்மானிக்கின்றன. குறைந்த ஆடை என்பது உராய்வு சார்ந்த தேவை. அதன்மேல் ஏற்றப்படும் ஒழுக்கப்பொருள் பார்ப்பவரின் நினைவிலிருந்து வருவது. அரச மரபும் தெய்வத் தொடர்பும் போட்டி விதியும் களங்கத்தை அகற்றும் கருவிகளாகச் செயல்பட்டுள்ளன. ஆயினும் அவை அகற்றியது பயிற்சியின்மேல் படிந்த களங்கத்தையே. கழைக்கூத்தர், சதிர் மகளிர், விடுதி ஆட்டக்காரர் ஆகியோர்மீது அது அப்படியே தங்கியுள்ளது. கம்பத்தில் ஏறும் உரிமை புதியவர்க்குக் கிடைப்பது வரவேற்கத்தக்கது. முன்பே அதில் ஏறி நின்றவர்க்கு உரிய மதிப்பு வழங்கப்படும்போதே களங்க நீக்கம் முழுமை பெறும்.